ஓர் ஆண்டு, இரண்டு சம்பளம்: டிடிஎஸ் பிடித்தமும் வருமான வரித் தளமும் எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன?

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கம்பெனியில் மாதம் 1 லட்சம் ரூபாய். அக்டோபரில் வேலை மாறி, மார்ச் வரை இன்னொரு கம்பெனியில் மாதம் ஒன்றரை லட்சம். முதல் கம்பெனி ஆண்டுக்கு 12 லட்சம் என்று போட்டுப் பார்த்து, வரி வராது என்று ஆறு மாதமும் டிடிஎஸ்ஸாக (சம்பளம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. இரண்டாவது கம்பெனி தான் கொடுக்கப்போகும் 9 லட்சத்தை மட்டும் பார்த்தது, அதுவும் பிடிக்கவில்லை. ஜூனில் இரண்டு ஃபார்ம் 16 (சம்பளமும் பிடித்த வரியும் காட்டிக் கம்பெனி தரும் சான்று) கைக்கு வருகின்றன, இரண்டிலும் வரி பூஜ்ஜியம். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்தால், கட்ட வேண்டிய வரி 97,500 ரூபாய் என்று தளம் காட்டுகிறது. வட்டி தனி.

கணக்கில் பிழை இல்லை. 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் மொத்தச் சம்பளம் 15 லட்சம். நிலையான கழிவு 75,000 போனால் 14,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அது 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. மிச்சமுள்ள 2,25,000-க்கு 15 சதவீதம், 33,750. மொத்தம் 93,750, அதன்மேல் 4 சதவீத செஸ் 3,750. ஆக 97,500.

இந்தக் கட்டுரை அந்தத் தொகை எப்படிக் கண்ணுக்குப் படாமல் சேர்கிறது, அதைத் தடுக்க வருமான வரித் துறை கொடுத்திருக்கும் வசதிகளில் எது உதவுகிறது, எது உதவவில்லை என்பதைப் பற்றியது. படிவங்களையும் பிரிவுகளையும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர்களிலேயே சொல்கிறோம். 2025-26 வருமானத்துக்கான ரிட்டர்ன் அந்தச் சட்டப்படிதான் போகிறது.

எங்கே ஓட்டை

இரண்டு கம்பெனிகளில் எதுவும் சட்டத்தை மீறவில்லை. 192ஆம் பிரிவு ஒவ்வொரு முதலாளியிடமும் கேட்பது, தான் கொடுக்கும் சம்பளத்தை மதிப்பிட்டு அதற்கான சராசரி விகிதத்தில் பிடி என்பதுதான். ஊழியர் சொன்னால் ஒழிய வேறு இடத்துச் சம்பளம் அவர்கள் கணக்கில் வராது. ஆகவே ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு முறை கிடைக்க வேண்டிய மூன்று சலுகைகள் இரண்டு இடத்திலும் கிடைத்துவிடுகின்றன: 4 லட்சம் வரை வரியில்லா அடுக்கு, 75,000 ரூபாய் நிலையான கழிவு, 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு 87ஏ பிரிவின் 60,000 ரூபாய் வரைத் தள்ளுபடி.

இதில் கடைசி ஒன்றுதான் இப்போது பெரிய வில்லங்கம். 2024-25இல் புதிய முறையின் தள்ளுபடி வரம்பு 7 லட்சம். அப்போது 9 லட்சம் கொடுத்த இரண்டாவது கம்பெனி தன் பங்குக்கு 33,800 ரூபாய் பிடித்திருக்கும். முதல் கம்பெனியும் மாதாமாதம் பிடித்திருக்கும். குறை வந்தாலும் தாங்கும் அளவில் இருந்திருக்கும். வரம்பு 12 லட்சம் ஆனதும், நிலையான கழிவோடு சேர்த்து 12,75,000 வரை சம்பளம் கொடுக்கும் கம்பெனி எதுவும் பிடிக்க வேண்டியதில்லை என்றாகிவிட்டது. சம்பளக்காரர்களுக்கு நல்ல சலுகைதான். ஆனால் வேலை மாறியவருக்கும் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவருக்கும் எச்சரிக்கை மணியாக இருந்த அந்தச் சின்னப் பிடித்தமும் இல்லாமல் போய்விட்டது. பே ஸ்லிப்பில் வரி பூஜ்ஜியம் என்று பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பவருக்கும் இதே கதை. ஒரு கல்லூரியில் 8 லட்சம், இன்னொரு நிறுவனத்தில் பகுதிநேரச் சம்பளம் 6 லட்சம் என்றால் இரண்டு இடத்திலும் பிடித்தம் இல்லை. உண்மையான வரி 81,900. மொத்தம் 12,75,000-ஐ லேசாகத் தாண்டுபவருக்கு மட்டும் விளிம்பு நிவாரணம் கொஞ்சம் தாங்கும். இரண்டு சம்பளமும் சேர்த்து 13,05,000 என்றால், கழிவு போக 12,30,000. 12 லட்சத்துக்கு மேல் உள்ள 30,000-ஐத் தாண்டி வரி போகாது. செஸ்ஸோடு 31,200. அதையும் யாரும் பிடித்திருக்க மாட்டார்கள்.

ஃபார்ம் 12பி: கேட்காதவருக்குக் கிடைக்காத மருந்து

192(2) பிரிவு வழி காட்டுகிறது. ஒரே ஆண்டில் அடுத்தடுத்தோ ஒரே நேரத்திலோ ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் சம்பளம் வாங்குபவர், அதன் விவரத்தைத் தான் விரும்பும் ஒரு முதலாளியிடம் ஃபார்ம் 12பி-யில் கொடுக்கலாம். கொடுத்த பிறகு அந்த முதலாளி இரண்டையும் கூட்டித்தான் வரி பிடிக்க வேண்டும். படிவம் எளிமையானது: முந்தைய முதலாளியின் பெயர், முகவரி, பான், டான் (வரி பிடிப்பவருக்குத் துறை தரும் எண்); வேலை பார்த்த காலம்; சம்பளம், படிகள், சலுகைகளின் மதிப்பு; பிஎஃப் போன்ற பிடித்தங்கள்; பிடிக்கப்பட்ட வரி. ஊழியரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், பழைய கம்பெனியின் முத்திரை தேவையில்லை. வருமான வரித் தளத்தில் ஏற்றவும் வேண்டாம். புதிய கம்பெனியின் சம்பளப் பிரிவுக்குப் போனால் போதும்.

பல கம்பெனிகளில் இது காகிதமாக இல்லாமல், பேரோல் மென்பொருளில் 'முந்தைய வேலை வருமானம்' என்ற பக்கமாக இருக்கும். சேரும் நாளில் தரும் பத்துப் பதினைந்து படிவங்களுக்கு நடுவே, கட்டாயம் என்ற குறி இல்லாமல் கிடக்கும். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். மொத்த ஏற்பாட்டிலும் மிகப் பெரிய குறை இதுதான் என்பது எங்கள் கருத்து: சட்டத்தில் மருந்து இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு, அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் தலையில் விழுகிறது.

நிரப்பும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஃபார்ம் 16 வரட்டும் என்று காத்திருப்பது முதல் தவறு. அது வரும் கடைசித் தேதி, ஆண்டு முடிந்த பிறகு ஜூன் 15. அதற்குள் புதிய கம்பெனி மார்ச் சம்பளம் போட்டு முடித்திருக்கும். பே ஸ்லிப்களும் இறுதி செட்டில்மென்ட் தாளும் போதும். செட்டில்மென்ட் தாளைப் பார்க்காமல் பே ஸ்லிப்பை மட்டும் கூட்டுவதும் ஆபத்து. மாதாமாதம் பிடித்த கம்பெனி, விலகும்போது இதுவரை கொடுத்த சம்பளத்துக்கு மட்டும் மறுபடி கணக்குப் போட்டு, கடைசி மாதப் பிடித்தத்தை நிறுத்தியிருக்கலாம், சில இடங்களில் திருப்பியும் கொடுத்திருக்கலாம். விடுப்பைக் காசாக்கிய தொகையும் அதில்தான் இருக்கும். விலகும்போது கிடைக்கும் அந்தத் தொகைக்கு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 25 லட்சம் என்ற உச்சவரம்புக்குள், விதிப்படி கணக்கிட்ட அளவுக்கு விலக்கு உண்டு. விலக்கு போனதுபோக மிச்சத்தைத்தான் 12பி-யில் காட்ட வேண்டும்.

இன்னொரு தவறு, 75,000 நிலையான கழிவைக் கழித்துவிட்டு எண்ணைப் போடுவது. புதிய கம்பெனி தன் கணக்கில் அதை மறுபடி கழிக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் இதனால் மட்டும் 11,700 ரூபாய் குறையும். கழிவுக்கு முந்தைய தொகையைப் போடுங்கள். சிலர் கைக்கு வந்த சம்பளத்தைப் போடுகிறார்கள், சிலர் பழைய கம்பெனியின் முழு ஆண்டு சிடிசி-யை (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) போடுகிறார்கள், இரண்டும் தவறு. டான் எண் தெரியவில்லை என்றால் முந்தைய ஆண்டின் ஃபார்ம் 16-லோ, உங்கள் பான் எண்ணில் பிடித்த வரிகளைத் தளத்தில் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையிலோ கிடைக்கும். நான்கு எழுத்து, ஐந்து எண், கடைசியில் ஓர் எழுத்து என்று பத்து இடம்.

எப்போது கொடுக்கிறோம் என்பது கையில் வரும் சம்பளத்தை நேராகப் பாதிக்கும். அக்டோபரிலேயே கொடுத்தால் 97,500 ஆறு மாதத்துக்குப் பிரிந்து மாதம் 16,250 பிடிப்பார்கள். முதலீட்டுச் சான்றுகளோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டு, கணக்கில் ஏறுவது பிப்ரவரியில் என்றால், இரண்டு மாதமும் 48,750 போகும். மார்ச்சில் மட்டும் என்றால் ஒன்றரை லட்சத்தில் பிஎஃப்புக்கு முன்பே 52,500 தான் மிச்சம். வீட்டுக் கடன் தவணை அந்தக் கணக்கிலிருந்து போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அப்படிப் போனாலும் 12பி கொடுப்பதே லாபம். டிடிஎஸ்ஸாகப் பிடித்த வரி எந்த மாதம் பிடித்திருந்தாலும், முன்வரித் (ஆண்டுக்குள்ளேயே தவணையாகக் கட்டும் வரி) தவணை தவறினால் வரும் 234சி வட்டிக் கணக்கில் மொத்த வரியிலிருந்து முழுசாகக் கழிக்கப்படும். மார்ச்சில் பிடித்திருந்தாலும், ஜூனில் ஏன் கட்டவில்லை என்று யாரும் கேட்க முடியாது. நீங்களே முன்வரியாகக் கட்டினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 12பி-க்கும் மற்ற வழிகளுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இது. ஆடிட்டர்கள்கூட அபூர்வமாகத்தான் எடுத்துச் சொல்கிறார்கள்.

பழைய சம்பளம் புதிய கம்பெனிக்குத் தெரிய வேண்டாம், அல்லது இரண்டாவது வேலை முதல் இடத்துக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 192(2) பிரிவின் வாசகம் 'கொடுக்கலாம்' என்பதுதான், 'கொடுக்க வேண்டும்' என்பதல்ல. கொடுக்காமல் இருப்பது குற்றமில்லை. வரியை நீங்களே கட்டும் பொறுப்பு வருகிறது, அவ்வளவுதான். ஒரே நேரத்தில் இரண்டு வேலை என்றால், பெரிய சம்பளம் தரும் இடத்தில் 12பி கொடுப்பது நல்லது. சிறிய சம்பளத்திலிருந்து மொத்த வரியையும் பிடிக்கச் சொன்னால் அந்த மாதம் ஒன்றும் மிஞ்சாது. சின்ன இடத்துத் தொகை மாறினால் ஜனவரிக்குள் ஒரு முறை புதுப்பித்துக் கொடுங்கள்.

இரண்டாவது இடம் சம்பளமாக இல்லாமல் கட்டணமாகக் கொடுத்தால் கதை வேறு. தனியார் மருத்துவமனையில் ஆலோசகராகப் போகும் மருத்துவர், வெளியில் திட்டப்பணி எடுத்துச் செய்யும் பொறியாளர் போன்றவர்களுக்கு 194ஜே பிரிவில் 10 சதவீதம் பிடிப்பார்கள்; 2025-26இலிருந்து, ஆண்டுக்கு 50,000-ஐத் தாண்டினால் பிடித்தம் உண்டு. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு இந்த 10 போதாது. இதற்கு 12பி பொருந்தாது. 2024 அக்டோபரில் வந்த ஃபார்ம் 12பிஏஏ-யில் அந்த வருமானத்தையும் அதில் பிடித்த வரியையும் முதன்மை முதலாளியிடம் காட்டலாம். ரிட்டர்ன் படிவமும் ஐடிஆர்-1 இல்லை. 3 அல்லது 4. படிவம் மாறிப்போனால் குறையுள்ள ரிட்டர்ன் என்று நோட்டீஸ் வரும்.

தளத்தின் கருவிகள்

26ஏஎஸ்-ம் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-ம் நம்பகமானவை. ஒரே பான் எண்ணின் கீழ் எல்லா டான்களும் வரிசையாக வரும், யார் எவ்வளவு பிடித்தார்கள், கட்டினார்களா என்பது தெரியும். 26ஏஎஸ்-ல் ஒவ்வொரு பதிவிலும் 'எஃப்' என்ற குறி இருந்தால் பணம் அரசுக்குச் சேர்ந்துவிட்டது. 'யு' இருந்தால் சலானோடு பொருந்தவில்லை என்று பொருள், சம்பளப் பிரிவிடம் கேட்க வேண்டும்.

இவற்றின் குறை வேகம். கம்பெனிகள் சம்பள டிடிஎஸ் விவரத்தை ஃபார்ம் 24கியூ-வில் காலாண்டுக்கு ஒரு முறைதான் தருகின்றன: ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, கடைசிக் காலாண்டுக்கு மே 31. முழு ஆண்டுச் சம்பள விவரம் அந்தக் கடைசி அறிக்கையின் இணைப்பில்தான் வருகிறது. அதாவது உங்கள் மொத்தச் சம்பளம் இவ்வளவு என்று தளத்துக்கு முழுமையாகத் தெரியும்போது, டிடிஎஸ் பிடிக்கும் காலமும் முன்வரி கட்டும் காலமும் முடிந்திருக்கும். ஏஐஎஸ் விவரத்தைக் காட்டுமே தவிர, இரண்டு டான்களையும் கூட்டி உங்களுக்கு இவ்வளவு வரி குறைகிறது என்று சொல்லாது. நடந்து முடிந்ததைச் சரிபார்க்க அருமையான கருவி. நடக்கும் முன் தடுக்க உதவாது.

வரிக் கணிப்பான் உள்நுழையாமலே வேலை செய்கிறது. பழைய முறையையும் புதிய முறையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது நல்ல அம்சம். ஆனால் இரண்டு முதலாளிகளுக்குத் தனித்தனி இடம் கிடையாது. நீங்களே கூட்டிப் போட வேண்டும். நிலையான கழிவு போனபின் உள்ள தொகையைப் போடுகிறோமா, முன்பா என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். அதற்கு ஒரு சோதனை: கழிவு போனபின் 14,25,000 என்ற மொத்த வருமானத்துக்குப் புதிய முறையில் செஸ்ஸோடு 97,500 வர வேண்டும். உங்கள் எண்ணைப் போடும் முன் இந்த எண்ணைப் போட்டு, விடை சரியாக வருகிறதா என்று பாருங்கள். வேலை மாறிய மாதத்திலேயே இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

வரி கட்டும் 'இ-பே டாக்ஸ்' பக்கம்தான் மொத்தச் சேவையிலும் நன்றாக அமைந்திருப்பது. பான் எண், கைபேசியில் வரும் ஓடிபி, அவ்வளவுதான். நெட் பேங்கிங், டெபிட் கார்டு, யுபிஐ, ஆர்டிஜிஎஸ் எல்லாம் உண்டு. கவனிக்க வேண்டியது இரண்டு இடம். மதிப்பீட்டு ஆண்டு: 2025-26 வருமானத்துக்கு 2026-27. வகை: மார்ச் 31 வரை கட்டுவது முன்வரி, எண் 100, அதற்குப் பிறகு சுய மதிப்பீட்டு வரி, எண் 300. மாற்றிக் கட்டிவிட்டால் தளத்திலேயே சலான் திருத்தம் இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டை 7 நாளுக்குள்ளும், வகையை 30 நாளுக்குள்ளும் மாற்றலாம். அதைத் தாண்டினால் வரி அலுவலரிடம் போக வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரண்டும் போய் 'வரி ஆண்டு' என்ற ஒன்றே வருகிறது. சம்பள டிடிஎஸ் பிரிவும் 192 இல்லை, 392. இதில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது: 2025-26 வருமானத்துக்கு இப்போது கட்டும் சுய மதிப்பீட்டு வரி, மதிப்பீட்டு ஆண்டு 2026-27, நடப்புச் சம்பளத்துக்குக் கட்டும் முன்வரி, வரி ஆண்டு 2026-27. எண் ஒன்றுதான், ஆண்டு வேறு. ஜூன், ஜூலை மாதங்களில் இரண்டையும் அடுத்தடுத்துக் கட்டுபவர்கள் எந்தச் சட்டத்தின் கீழ் கட்டுகிறோம் என்று பார்த்துக் கட்ட வேண்டும்.

வட்டி எவ்வளவு வரும்

டிடிஎஸ் போக வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால் முன்வரி கட்ட வேண்டும்: ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். நம் உதாரணக்காரர் எதுவும் கட்டவில்லை என்றால் 234சி வட்டி நான்கு தவணைக்கும் முறையே 438, 1,314, 2,193, 975, மொத்தம் 4,920. ஜூலையில் வரியைக் கட்டினால், முன்வரியை ஆண்டுக்குள் கட்டாததற்கான 234பி வட்டி ஏப்ரல் முதல் நான்கு மாதத்துக்கு 4 சதவீதம், 3,900. எல்லாம் சேர்த்து 1,06,320 ரூபாய்.

அக்டோபரில் விழித்துக்கொண்டு டிசம்பர் 15-க்குள் 73,125, மார்ச் 15-க்குள் மிச்சம் 24,375 கட்டினால், ஜூன், செப்டம்பர் தவணை வட்டி 1,752 மட்டும் போகும். மார்ச் 15 தாண்டிவிட்டாலும் 31-க்குள் கட்டிவிடுங்கள். அதுவும் முன்வரியாகவே கணக்கில் வரும், 234பி முழுசாகத் தப்பும்.

ஜூன், செப்டம்பர் தவணைகளுக்கான அந்த 1,752 நியாயமில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அக்டோபரில் வேலை மாறப்போகிறோம், சம்பளம் கூடப்போகிறது என்று ஜூனில் யாருக்குத் தெரியும்? மூலதன லாபத்துக்கும் பங்கு ஈவுத்தொகைக்கும், முன்கூட்டிக் கணிக்க முடியாது என்பதற்காகச் சட்டமே 234சி-யில் தளர்வு தருகிறது. வேலை மாறிய சம்பளக்காரருக்கு அந்தத் தளர்வு இல்லை. தொகை சிறியதுதான், ஆனால் கொள்கையளவில் திருத்த வேண்டிய இடம் இது.

ரிட்டர்ன் போடும்போது

12பி கொடுத்தவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். இரண்டாவது கம்பெனியின் ஃபார்ம் 16 பகுதி பி-யில் 1(டி) என்ற வரிசையில் அவர்கள் கொடுத்த சம்பளம் 9 லட்சம் இருக்கும். 1(இ) வரிசையில் நீங்கள் சொன்ன பழைய கம்பெனிச் சம்பளம் 6 லட்சம் இருக்கும். கீழே வரும் மொத்தம் 15 லட்சத்துக்கானது. அந்த மொத்தத்தை எடுத்துக்கொண்டு, முதல் ஃபார்ம் 16-லிருந்து 6 லட்சத்தை மறுபடி கூட்டினால் 21 லட்சம் ஆகிவிடும். வரி 2,14,500; இல்லாத 1,17,000 ரூபாயைக் கட்டச் சொல்லித் தளம் நிற்கும். ஒவ்வொரு கம்பெனியின் 1(டி) வரிசைத் தொகையை மட்டும் எடுத்துக் கூட்டுவதே பாதுகாப்பான வழி. நிலையான கழிவு 75,000 ஒரு முறைதான்.

ஐடிஆர்-1-ல் சம்பளத்துக்கு ஒரே தொகுப்புதான், கூட்டித்தான் போட வேண்டும். டிடிஎஸ் அட்டவணையில் மட்டும் டான் வாரியாகப் பிரியும். ஐடிஆர்-2-ல் முதலாளி வாரியாகத் தனித்தனியே போடலாம், சரிபார்க்க எளிது. முன்கூட்டியே நிரம்பி வரும் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு ஃபார்ம் 16-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு கம்பெனி பழைய முறையிலும் இன்னொன்று புதிய முறையிலும் பிடித்திருந்தால் கவலை இல்லை. தொழில் வருமானம் இல்லாதவர், கடைசித் தேதிக்குள் போடும் ரிட்டர்னில் எது லாபமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். பழைய முறை என்றால் 80சி கழிவின் வரம்பான ஒன்றரை லட்சம் இரண்டு கம்பெனி பிஎஃப்புக்கும் சேர்த்துத்தான்.

பே ஸ்லிப்பில் வரி பிடித்திருக்கிறது, ஆனால் 26ஏஎஸ்-ல் இல்லை என்றால் கம்பெனி பணத்தை அரசுக்குக் கட்டவில்லை, அல்லது பான் எண்ணைத் தவறாகப் போட்டிருக்கிறது. முதலில் சம்பளப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். பிடித்த வரியை மறுபடி உங்களிடம் வசூலிக்க 205ஆம் பிரிவு தடை போடுகிறது. ஆனால் தளம் அதைத் தானாக ஒத்துக்கொள்ளாது. ரிட்டர்னைச் சரிபார்த்துத் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பில் பாக்கி என்று வரும். பே ஸ்லிப், வங்கிக் கணக்கு அறிக்கை இரண்டையும் வைத்து ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். இழுபறியான வேலை, ஆனால் உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது.

இரண்டாவது சம்பளத்தை விட்டுவிட்டு ரிட்டர்ன் போட்டுவிட்டீர்கள் என்றால், துறை கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டு வரியையும் வட்டியையும் கட்டினால் முடிந்தது. அதையும் தாண்டி ஐடிஆர்-யூ (காலம் கடந்து புதுப்பித்துப் போடும் ரிட்டர்ன்) என்று போனால், வரியும் வட்டியும் போக, அவற்றின் மேல் 25 சதவீதத்தில் தொடங்கி 70 சதவீதம் வரை கூடுதலாகக் கட்ட நேரும்.

தளத்திடம் நாங்கள் எதிர்பார்ப்பது ஒன்று. 12பி-யைக் காகிதமாகவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் மென்பொருள் பக்கமாகவும் விடாமல், பான் எண்ணோடு இணைத்துத் தளத்திலேயே நிரப்பி, ஊழியர் சம்மதித்தால் புதிய முதலாளிக்குப் போகும்படி செய்யலாம். ஒரே பான்-ல் இரண்டாவது டான் சம்பளப் பிடித்தமோ சம்பளமோ காட்டிய காலாண்டில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். அதற்கான விவரம் 24கியூ வழியாகத் துறையிடம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது.

அதுவரை, வேலையை விடும் கடைசி நாளுக்கு முன் பழைய இடத்தில் நான்கைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்: ஏப்ரல் முதல் எல்லா பே ஸ்லிப்பும், வரிக் கணக்கீட்டுத் தாளும், இறுதி செட்டில்மென்ட் தாளும், கம்பெனியின் பான், டான் எண்களும். செட்டில்மென்ட் பின்னால்தான் வரும் என்றால் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அலுவலக மின்னஞ்சலும் பேரோல் கணக்கும் அன்று மாலையே மூடப்படும்; பிறகு இதே தாள்களுக்கு ஹெச்ஆர்-இடம் வாரக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும், புதிய கம்பெனியின் அடுத்த சம்பளக் கணக்கு அதற்குள் முடிந்துவிடும்.